முதுவேனிலிற் கார்: குற்றாலத்தின் நீங்காக் கவர்ச்சி பற்றிய ஒரு வரலாற்றாய்வு

1. தோற்றுவாய்

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் தேவதானம். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்கள் என வழங்கும் ஐந்தனுள் இது விசும்புக்குரியது. சங்கரன்கோயில் மண்ணுக்கும், கரிவலம்வந்தநல்லூர் தீக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும் உரியன என்பர். தேவதானத்தின் மேற்கே மலை உண்டு. மலையினின்று இறங்கும் ஆறு உண்டு. அவ்வாற்றின் கரையில் சாத்தா கோயிலும், அக்கோயிற் பெயரால் வழங்கும் அணையும் உள்ளன. ஆயினும் ஆனித் திங்கள் பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் இவ்வூராரும் இவர்தம் அயலூராரும் தம் மலையை விடுத்து, தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் உள்ள குற்றாலத்துக்குச் செல்கின்றனர். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என ஊர் ஊராகக் கடந்து செல்லும் அவ்வழியில் யாமும் பலமுறை சென்றுள்ளோம். தம் ஊரிலேயே மலையும் நீரும் உடைய மக்கள் பிறிதோர் மலையையும் பிறிதோர் நீரையும் தேடிச் செல்வது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் மூன்று. குற்றாலம் பேரழகு வாய்ந்த இடம் என்பது ஒன்று. மூலிகைகளைத் தழுவி வரும் நீராதலின் அது நோய் தீர்க்கும் என்பது மற்றொன்று. ஆங்கிலேயர் தம் உடல்நலம் பேணுதற்பொருட்டு உருவாக்கிய ஓய்விடமே பின்னர் மக்களிடையே பரவியது என்பது மூன்றாவது. முதலிரண்டும் முற்றும் பொய்யல்ல. ஆயினும் அழகிய அருவிகளும் மூலிகை செறிந்த காடுகளும் இம்மலைத்தொடர் நெடுகிலும் உள்ளன. அவையெல்லாம் குற்றாலம் ஆகவில்லை. மூன்றாவது விடை வரலாற்றோடு பொருந்தாது என்பதைப் பின்னர்க் காட்டுவோம். குற்றாலத்தின் கவர்ச்சிக்கு வேர் எது என்பதையும், அது காலந்தோறும் யார் யாரை ஈர்த்தது, யார் யாரை விலக்கியது என்பதையும் ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

2. நிலமும் பொழுதும்

தமிழ் நெறிப்படி முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டன் இயல்பு. ஓரிடத்தை அறிய நிலத்தை மட்டும் நோக்கினால் போதாது. பொழுதையும் உடன் நோக்கவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறையிற் பெறப்படும் உண்மை. குற்றாலத்தைப் பற்றி எழுதியோருட் பலர் நிலத்தை வருணித்தனர். பொழுதை ஆராயாது விடுத்தனர்.

உரையாசிரியர்கள் ஆவணியும் புரட்டாசியும் கார் எனவும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனவும், மார்கழியும் தையும் முன்பனி எனவும், மாசியும் பங்குனியும் பின்பனி எனவும், சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனவும், ஆனியும் ஆடியும் முதுவேனில் எனவும் பகுத்தனர். இப்பகுப்பின்படி ஆனியும் ஆடியும் வெம்மை மிக்க காலம். பாலைத்திணைக்கு உரிய பெரும்பொழுதுகளுள் வேனிலே தலைமையானது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதும் இவ்வெம்மையைக் கருதியே. தென்பாண்டி நாட்டின் சமவெளிக்கு இவ்விலக்கணம் இன்றும் பொருந்துகின்றது. ஆனித் திங்களில் இராசபாளையத்துக்கும் சங்கரன்கோயிலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கண்மாய்கள் வற்றிக் கிடக்கும். காற்று புழுதியைச் சுமந்து வரும்.

குற்றாலத்திலோ அதே ஆனியும் ஆடியுமே மழைக்காலம். இலக்கண நூல் முதுவேனில் என்று பெயரிட்ட பொழுதில் அங்கே கார் நிகழ்கின்றது. இம்முரணே குற்றாலத்தின் தனித்தன்மை என்று யாம் கருதுகின்றோம்.

இம்முரணுக்குக் காரணம் நில அமைப்பே. தென்மேற்குப் பருவக்காற்று சூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையை அடைகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து நிறுத்த, மழை முழுவதும் மேலைச் சரிவிற் பெய்துவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே உள்ள நாடு மழை மறைவு நிலமாகின்றது. தேவதானத்துக்கும் சிவகிரிக்கும் மேற்கே மலை உயர்ந்து இடைவெளியின்றி நிற்றலால் அவ்வூர்களுக்கு வருவது பெரிதும் வறண்ட காற்றே. அவற்றின் ஓடைகளும் கண்மாய்களும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையையே மிகுதியும் நம்பியுள்ளன. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகின்றது. அவ்வழியே புகும் ஈரக்காற்று குற்றால மலையை நனைத்து, அடிவாரத்தில் நுண்துளிகளாகச் சிதறுகின்றது. இதனையே மக்கள் சாரல் என்பர். கடையநல்லூரைக் கடந்ததும் காற்றின் இயல்பு மாறுவதை வழிச்செல்வோர் உணர்வர். தென்காசிக் கோபுரம் கண்ணிற் படுமுன்னே முகத்திற் சாரல் படும்.

தேவதான மக்களின் செலவுக்கு விடை இதுவே. அவர்கள் தேடிச் செல்வது தம் ஊரில் இல்லாத மலையை அன்று; தம் ஊரில் அப்போது இல்லாத பருவத்தையே தேடிச் செல்கின்றனர்.

இன்னும் ஒன்று. உதகையும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தால் குளிர்ச்சி பெற்றவை. அவற்றின் குளிர்ச்சி ஆண்டு முழுவதும் உண்டு. குற்றாலம் மலையடிவாரத்து ஊர். கடல் மட்டத்துக்கு மேல் 200 மீட்டர் உயரத்தையும் எட்டாதது. அதன் குளிர்ச்சி காற்றாலும் மழையாலும் வருவது. அவை நின்றால் தானும் நிற்பது. பங்குனியில் அருவிப் பாறை வறண்டு கிடத்தலும் உண்டு. பருவம் எப்போது தொடங்கும், எத்துணை நாள் நீடிக்கும் என்று எவரும் உறுதியாகக் கூறவியலாது. இவ்வுறுதியின்மை குறை எனத் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் மக்கள் உள்ளத்தில் எதிர்பார்ப்பை எழுப்பி அக்கவர்ச்சியைத் தேயாமற் காப்பதும் இதுவே. வைகாசி இறுதியில் தென்பாண்டி நாட்டார் இருவர் சந்தித்தால், சாரல் தொடங்கிவிட்டதா என்பது அவர்தம் பேச்சில் இடம்பெறாமற் போவதில்லை.

3. காணும் அருவியும் ஆடும் அருவியும்

குற்றாலத்து அருவிகள் சிற்றாற்றின் படைப்பு. அவ்வாறு தாமிரபரணியின் துணையாறுகளுள் ஒன்று. மலைமேல் தேனருவியும் செண்பகாதேவி அருவியும், அடிவாரத்தில் பேரருவியும் சிற்றருவியும், சற்றுத் தொலைவில் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் புலியருவியும் உள்ளன. இவற்றுள் பேரருவியின் அமைப்புத் தனியே நோக்கத்தக்கது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் நேரே தரையை வந்தடைவதில்லை. இடையிற் பாறையில் அமைந்த ஆழ்ந்த குழியில் வீழ்ந்து, அங்கே பொங்கி, விசை தணிந்து, பரந்து வழிகின்றது. அக்குழிக்குப் பொங்குமாகடல் என்று பெயர். அது இல்லையேல் அந்நீரின்கீழ் மனிதர் நிற்றல் இயலாது.

உலகிற் புகழ்பெற்ற அருவிகளுட் பெரும்பாலானவை தொலைவில் நின்று காண்டற்குரியன. குற்றாலத்து அருவி தலையில் ஏற்றற்குரியது. காட்சி ஒருமுறை கண்டோர்க்குப் பழகிப்போதல் கூடும். உடம்பிற் படும் இன்பம் அவ்வாறு எளிதிற் பழகிப்போவதில்லை. தாத்தா நின்ற பாறையிலேயே பெயரனும் நின்று அதே நீரைத் தலையில் ஏற்கின்றான். குடும்பத்தில் வழிவழி வரும் பழக்கமாகக் குற்றாலச் செலவு நிலைபெற்றமைக்கு இது ஒரு காரணம்.

4. தலமும் தமிழும்

குற்றாலம் என்ற பெயரும், அங்குள்ள கோயிலுக்கு வழங்கும் குறும்பலா என்ற பெயரும் மரத்தால் வந்த பெயர்கள். கி.பி. 7-ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இவ்விரு பெயராலும் தனித்தனியே பதிகம் பாடியுள்ளார். இறைவனைப் பாட வந்தவர் அவன் உறையும் மலையையும் பொழிலையும் உடன் பாடினார். மணிவாசகரும் குற்றாலத்துக் கூத்தனை விளித்துப் பாடினார். நடராசப் பெருமானுக்குரிய ஐந்து அவைகளுள் சித்திர சபை இங்குள்ளது. ஓவியங்களால் அமைந்தமையின் அது அப்பெயர் பெற்றது. ஆகவே வணிகக் கம்பெனியார் தென்னாட்டுக்கு வருமுன் ஓராயிரம் ஆண்டுகளாக இவ்விடம் தமிழ் மக்கள் நாடிச் சென்ற இடமாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சமயமே இக்கவர்ச்சிக்கு முழுக் காரணம் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. குற்றாலநாதர் கோயிலின் பெருவிழாக்கள் சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் மார்கழித் திருவாதிரையும் ஆகும். இவற்றுள் ஒன்றேனும் ஆனி, ஆடித் திங்களிற் பொருந்துவதன்று. ஆடி அமாவாசையில் நீர்க்கடன் செய்வோர் வருதல் உண்மையே. அது ஒரு நாளைய செய்தி. கோயிலின் நாட்காட்டி வேறு; சாரலின் நாட்காட்டி வேறு. இரண்டும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று தாங்கின என்றே கொள்ளல்வேண்டும். பருவம் பொய்த்த ஆண்டிலும் ஊரைத் தாங்கியது கோயில். விழா இல்லாத திங்களிலும் மக்களைக் கொணர்ந்தது சாரல்.

இவ்விரண்டையும் ஒருங்கிணைத்தவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இவர் குற்றாலத்துக்குத் தலபுராணமும் பாடினார், குறவஞ்சியும் பாடினார். தலபுராணத்தைப் புலவர் போற்றினர். குறவஞ்சியை நாடே போற்றியது. மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) இந்நூலுக்குப் பரிசிலாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என வழங்கலாயிற்று. குறவஞ்சியில் குற்றாலத்தின் வளம் கூறுபவள் யார் என்பது கருதத்தக்கது. தலைவி வசந்தவல்லி மாளிகையில் வாழ்பவள். மலைவளம் கூறுபவளோ மலையில் வாழும் குறத்தி. தன் மலை இது என்ற உரிமையோடு குரங்கும் வானரமும் தேனருவியும் கொண்ட ஓர் உலகை அவள் எடுத்துரைக்கின்றாள். அரசவைப் புலவர் அரசனுக்கு மலையைக் காட்டும் பழைய மரபு இங்கே மாறி, உழைக்கும் பெண்ணொருத்தி ஊருக்கு மலையைக் காட்டுகின்றாள்.

இந்நூலின் விளைவு பெரிது. பள்ளிப் பாடநூல்களில் குறவஞ்சிப் பாடல்கள் இடம்பெற்றமையால், குற்றாலத்தைக் கண்ணாற் காணாத சிறுவரும் செவியால் அறிந்தனர். பின்னாளில் அவர்கள் அங்குச் சென்றபோது புதிய இடத்தைக் காணவில்லை. முன்னரே அறிந்ததை மெய்ப்பித்துக் கொண்டனர். ஓர் ஊரின் கவர்ச்சி தலைமுறை கடந்து நிலைக்க, அவ்வூர் மொழியில் வாழ்தல்வேண்டும் என்பதற்கு இது சான்று.

அம்மரபு 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்திற் கழித்தார், 1954-இல் மறைந்தார். இராசாசியும் கல்கியும் அவர்தம் விருந்தினராக அங்கு வந்து தங்கினர். காலையில் அருவி, பின்னர் விருந்து, அதன்பின் கம்பர் கவி என அவ்வில்லத்தில் நாள் கழிந்தது. தமிழ்க் கவியை அறிவால் ஆராயுமுன் உணர்வால் நுகரவேண்டும் என்ற அவர்தம் கொள்கைக்குக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான களம் இல்லை.

5. கம்பெனியார் காலம்

1801-இல் திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு முழுமையாக வந்தது. அதனையொட்டிய காலத்தில் குற்றாலத்தில் கிராம்பு, சாதிக்காய் முதலிய வாசனைப் பயிர்களைக் கம்பெனியார் வளர்த்துப் பார்த்தனர். மலாய்த் தீவுகளுக்குரிய மங்குசுத்தானும் துரியனும் இன்று குற்றாலத்துக் கடைத்தெருவில் பருவப் பழங்களாக விற்கப்படுவது, இம்மண்ணில் அயல்நாட்டுப் பயிர்கள் வேரூன்றிய கதையை நினைவூட்டுகின்றது. செடிநூல் வல்லுநரான இராபர்ட் வைட் இம்மலையிற் செடிகளைத் திரட்டித் தம் நூல்களுக்குப் பயன்படுத்தினார். ஆங்கில அதிகாரிகளுக்கும் பாதிரிமார்க்கும் உரிய பங்களாக்கள் எழுந்தன. கோடையிற் குளிர்ச்சி தேடி அவர்கள் இங்கு வந்து தங்கினர்.

தென்னாட்டின் ‘ஸ்பா’ என்று குற்றாலத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் வழங்குகின்றது. இவ்வுவமை பொருந்தாது. ஸ்பா என்பது பெல்சியம் நாட்டில் உள்ள ஊர்; நிலத்தினின்று ஊறும் கனிம நீரால் பெயர்பெற்றது. ஊற்று ஆண்டு முழுவதும் சுரப்பது. குற்றாலத்து நீர் மழைநீர். பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. நிலத்தை நோக்கிப் பொழுதை நோக்காத பிழை இப்பெயரிலும் உள்ளது.

ஆங்கிலேயரே குற்றாலத்தை உருவாக்கினர் என்ற கருத்துக்கு அவர்தம் செயலே மறுப்பாகின்றது. சலிவன் முயற்சியால் 1820-களில் உதகை வளர்ந்தது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் குடியேறத் தொடங்கினர். உயர்மலைகள் திறக்கப்பட்டபின் ஐரோப்பியர் பெரும்பாலும் அங்கேயே சென்றனர். திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் பணியாற்றி அச்சீமையின் வரலாற்றை 1881-இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் முதுமையில் கொடைக்கானலை நாடினார். 1891-இல் அங்கேயே மறைந்தார். ஐரோப்பியரால் வளர்ந்த ஊராயின் அவர்கள் நீங்கியதும் குற்றாலம் தேய்ந்திருத்தல்வேண்டும். அது தேயவில்லை, வளர்ந்தது. அதனை வளர்த்தவர் வேறு மக்கள்.

6. இருப்புப்பாதையும் உழவர் ஓய்வும்

1904-இல் திருநெல்வேலியினின்று தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை இருப்புப்பாதை நிறைவுற்றது. 1927-இல் விருதுநகரினின்று திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோயில் வழியாகத் தென்காசிக்குப் பாதை அமைந்தது. இவ்விரண்டாவது பாதையே வறண்ட வடபுலத்தைச் சாரல் நிலத்தோடு பிணைத்தது. மாட்டுவண்டியில் இரண்டு நாள் சென்ற வழி சில மணி நேரத்து வழியாயிற்று. பின்னர்ப் பேருந்து வந்தது. 1936-இல் இராசபாளையத்தில் நூற்பாலை தோன்றியதும் சம்பளமும் விடுமுறையும் உடைய தொழிலாளர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. அவர்தம் விடுமுறைச் செலவுக்கும் குற்றாலமே எல்லையாயிற்று.

பொழுது பற்றிய நம் கருத்தை உழவர் வாழ்க்கையும் வலியுறுத்துகின்றது. கரிசல் நிலத்தும் கண்மாய்ப் பாசன நிலத்தும் விதைப்பு, புரட்டாசி ஐப்பசியில் வரும் மழையை எதிர்நோக்கியது. ஆனியும் ஆடியும் அங்கே வேலை குறைந்த திங்கள்கள். உழவன் ஓய்ந்திருக்கும் அதே காலத்தில் அருவி விழுகின்றது. ஆண்டின் வேறொரு காலத்தில் அது விழுந்திருப்பின், இம்மக்கள் அதனைத் தேடிச் சென்றிருத்தல் அரிது.

தென்காசி வட்டாரத்து உழவர்க்கோ அக்காலமே வேலை மிக்க காலம். சிற்றாற்றில் வரும் புதுநீரைக் கொண்டு அவர்கள் செய்யும் ஆனிப் பயிருக்குக் கார் என்று பெயர். ஐப்பசியிற் செய்வது பிசானம். முதுவேனிற் பொழுதிற் கார் என்னும் பெயருடைய பயிர் வளர்தல் நோக்கத்தக்கது. வடக்கிருந்து வருவோர் தலையில் ஏற்ற நீரே கீழே சென்று தென்காசியார் வயலிற் பாய்கின்றது. ஒருவர்க்கு விடுமுறையாகும் நீர் மற்றொருவர்க்கு வாழ்வாகின்றது. சாரல் பொய்த்த ஆண்டில் விடுதிக்காரர் இழப்பது வருவாய். உழவர் இழப்பது விளைவு.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தமையின், குற்றாலம் இரண்டு அரசுகளின் எல்லையில் நின்றது. கணவாய் வழியே காற்று வந்தது போலவே மக்களும் வந்தனர். இன்றும் பருவக் காலத்தில் அங்கே தமிழோடு மலையாளமும் கேட்கின்றது.

7. யாருக்கு உரிய நீர்

இதுகாறும் மக்கள் என்று பொதுவாகக் கூறினோம். அச்சொல் எல்லாரையும் உள்ளடக்கியதா என்று வினவாமல் இவ்வாராய்ச்சியை முடித்தல் நேர்மையாகாது. பேரருவி கோயிலை அடுத்து விழுகின்றது. கோயிலுக்குள் யார் புகலாம் என்ற வினா, அருவிக்கு யார் செல்லலாம் என்ற வினாவாகவும் நீண்டது. 1934-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்பாண்டி நாட்டுக்கு வந்த காந்தியடிகள் குற்றாலத்துக்கும் வந்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கு நீராடத் தடை உண்டு என அறிந்ததும் தாமும் நீராடாது திரும்பினார் என்பது அப்பயணத்தைப் பற்றி வழங்கும் செய்தி. 1939-இலும் 1947-இலும் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கோயில் நுழைவுச் சட்டங்களுக்குப் பின்னரே இந்நிலை மாறியது.

குறத்தியின் வாயால் மலைவளம் கூறுவித்த தமிழ், அவளைப் போன்றோர் அருவியில் நிற்பதை நெடுங்காலம் பொறுக்கவில்லை. இலக்கியம் காட்டும் குற்றாலத்துக்கும் வரலாறு காட்டும் குற்றாலத்துக்கும் இடையே இருந்த இவ்விடைவெளியைப் புலவர் உலகம் பெரிதும் பேசாது விடுத்தது. யாமும் வகுப்பறையிற் குறவஞ்சியைப் பலமுறை விரித்துரைத்தும் இதனை மாணவர்க்கு எடுத்துக் கூறாதிருந்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கின்றோம்.

இன்று அப்பாறையின்கீழ் நிற்போரிடையே ஆலை முதலாளி யார், தொழிலாளி யார் எனப் பிரித்தறிதல் இயலாது. நனைந்த தலைகளுக்கு வேறுபாடு இல்லை. குற்றாலத்தின் கவர்ச்சியுள் இப்பொதுமையும் ஒரு கூறு. ஆயின் அது தானாக வந்ததன்று, பெறப்பட்டது. பெறப்பட்ட பொருள் இழக்கப்படுதலும் கூடும். சில தனியார் விடுதியினர் ஓடைகளின் இயல்பான போக்கை மாற்றித் தம் விருந்தினர்க்கெனச் செயற்கை அருவிகள் அமைத்தனர். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டது. கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் விழும் அருவி, பழைய தடையின் புதிய வடிவம் என்றே யாம் கருதுகின்றோம்.

8. பருவத்தை மீறும் ஆசை

அண்மைக் காலத்தில் பிறிதோர் இடரும் தோன்றியுள்ளது. பெருந்தொற்றின் காரணமாக 2020-இலும் 2021-இலும் நெடுநாள் அருவிகளில் நீராடத் தடை இருந்தது. தடை நீங்கியதும் கூட்டம் முன்போலத் திரண்டது. கவர்ச்சி சிறிதும் குறையவில்லை. ஆனால் இன்று வருவோரிற் பலர் பருவத்துக்குக் காத்திருப்பதில்லை. விடுமுறை எப்போதோ அப்போது அருவியும் விழவேண்டும் என எதிர்பார்க்கின்றனர். 2024 மே 17-ஆம் நாள், பருவம் தொடங்குமுன், பழைய குற்றாலத்திற் காட்டாற்று வெள்ளம் திடீரெனப் பெருகியது. நீராடிக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சாரல் நாட்களில் நீர் படிப்படியாக ஏறும். அதனை ஊரார் அறிவர். கோடை மழையின் வெள்ளம் மலைமேற் பெய்ததைக் கீழுள்ளார்க்கு அறிவிக்காமலே வந்துவிடும். பொழுதை மறந்து நிலத்தை மட்டும் நம்பிய அறியாமை இங்கே நூற்பிழையோடு நில்லாமல் உயிரிழப்பாகவும் முடிந்தது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. குற்றாலத்தின் கவர்ச்சி ஆங்கிலேயரால் தோன்றியதன்று. அவர்கள் வருமுன்னும் இருந்தது, சென்றபின்னும் வளர்ந்தது. அக்கவர்ச்சிக்கு வேர், முதுவேனிற் காலத்து வறண்ட நாட்டின் நடுவே ஒரு கணவாய் வழியே வரும் கார். கோயில் அதற்கு நிலைபேற்றை அளித்தது. குறவஞ்சி அதனை மொழியில் நிறுத்தியது. இருப்புப்பாதை அதனை உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அண்மையாக்கியது. உரிமைப் போராட்டம் அதனைப் பொதுவாக்கியது.

இவற்றுள் எதுவும் காட்டை அழித்தபின் நில்லாது. கணவாயின் காற்றை நீராக்கித் தேக்கிச் சிறிது சிறிதாக விடுவது மேலுள்ள காடே. 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவுயிர்ச் சரணாலயம் இம்மலைகளின் ஒரு பகுதியைக் காக்கின்றது. வடக்கே, 2021-இல் அமைந்த திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் உள்ளது. தேவதானத்து மலையும் குற்றாலத்து மலையும் ஒரே தொடர். ஒன்றுக்கு நேர்வது மற்றொன்றையும் தாக்கும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தேவதானம் விருதுநகர் மாவட்டத்தில் நிற்கின்றது. ஆட்சியெல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும். ஆனித் திங்களில் தேவதானத்து விலக்கில் நின்று தென்காசிப் பேருந்தை எதிர்நோக்கும் குடும்பத்தார்க்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. மாற்றுடையும் எண்ணெய்ப் புட்டியும் கட்டுச்சோறும் பையில் உள்ளன. வெயில் கடுமையாக இருக்கின்றது. தெற்கே வானம் கறுத்திருக்கின்றதா என்று முதியவர் ஒருவர் நெற்றிமேற் கைவைத்து நோக்குகின்றார். அந்நோக்கே நாம் ஆராய்ந்த கவர்ச்சியின் வடிவம். இத்துறையில் ஆராய முற்படும் இளைஞர்கள் தேவாரத்தையும் குறவஞ்சியையும் கற்பதோடு, ஒருமுறை அம்முதியவரோடு அப்பேருந்திலும் செல்லல்வேண்டும் என்பது எம் விருப்பம்.